படகில் பாட்டு, கரையில் பந்தி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்து மேட்டூர் அணை நிரம்பி வரும் ஆண்டுகளில், காவிரியில் பவானிக் கூடுதுறையிலோ பூலாம்பட்டியிலோ மாலை நேரப் படகு ஒன்று விட வேண்டும், அதில் இரவு உணவும் நம் மண்ணின் இசையும் இருக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் தவறாமல் எழுகிறது. ஆற்றில் வெள்ளம் வடியும்போது அந்தப் பேச்சும் வடிந்துவிடுகிறது. அதை நான் எதிர்ப்பவன் அல்லன். காவிரிக் கதவணை மின்நிலையம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அண்மையில் வெளிநாட்டில் இரண்டு ஆறுகளில் இத்தகைய படகுகளில் ஏறி வந்தவன் என்ற முறையிலும் ஒரே ஒரு யோசனையைச் சொல்ல விரும்புகிறேன். அப்படி ஒரு படகு நம் ஆற்றில் வருமானால், பாட்டு படகிலும் சாப்பாடு கரையிலும் இருக்கட்டும்.

முதலில் ஏறியது பாங்காக்கின் சாவோ பிரயா ஆற்றில். மூன்று தளம் கொண்ட அந்தப் படகில் நூற்றுக்கணக்கானோர் இருந்தோம். விளக்கொளியில் நின்ற வாட் அருண் கோயிலின் கோபுரமும், அரண்மனையின் பொன் கூரைகளும், எட்டாம் ராமா பாலத்தின் வடங்களும் கண்ணுக்கு விருந்துதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உணவு மேசைகளுக்குப் போகும் வழியில், மாடிப்படியின் அடியில், முதியவர் ஒருவர் ரனாத் வாசித்துக்கொண்டிருந்தார். படகு வடிவிலான பெட்டியின்மேல் மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்து, இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்கும் தாய்லாந்தின் பழைய வாத்தியம் அது. தட்டு ஏந்திய வரிசை அவரைக் கடந்து இறாலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அவர் ஓர் உருப்படியை முடித்தபோது யாரும் கைதட்டவில்லை, ஏனெனில் அவர் முடித்துவிட்டார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் மேல்தளத்தில் ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியது. எங்களைப் போன்ற இந்தியப் பயணிகள் மிகுதியாக இருந்ததால் இந்தித் திரைப்பாடல்கள் வந்தன. அதன்பின் அந்த முதியவரைக் காணவில்லை.

இரண்டாவது, வியட்நாமின் ஹுவே நகரம். 2023இல் திருச்சியிலிருந்தே வியட்நாமுக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு ஈரோடு, நாமக்கல் பக்கத்து மக்கள் பலர் அங்கே போய் வருகிறார்கள்; ஆனால் பெரும்பாலோர் டா நாங்கில் உள்ள மலைப்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஹுவே, 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரச மரபின் தலைநகரம். அதன் நடுவே ஓடும் ஆற்றுக்கு நறுமண ஆறு என்று பொருள்படும் பெயர். இருட்டத் தொடங்கும் வேளையில், முகப்பில் டிராகன் தலை வைத்த படகுகள் துறையை விட்டுப் புறப்பட்டு, 1899இல் முடிக்கப்பட்ட ஆறு கண் இரும்புப் பாலத்தின் அருகே நடு ஆற்றுக்குச் செல்கின்றன. எங்கள் படகுக்காரர் அங்கே எஞ்சினை நிறுத்தினார். படகு நீரோட்டத்தோடு மெல்ல அசைந்தது. அதன் பிறகுதான் பாட்டுத் தொடங்கியது.

அந்த இசையைக் 'கா ஹுவே' என்கிறார்கள். பதினாறு தந்திகள் கொண்ட யாழ் போன்ற கருவி, நிலவு வடிவ வட்டக் குடமுடைய ஒரு வீணை, இரண்டு தந்திப் பிடில், ஒற்றைத் தந்தியை மீட்டிக்கொண்டே வளைத்துக் குழைக்கும் ஒரு வாத்தியம், இவற்றோடு தாளத்துக்குத் தேநீர்க் கிண்ணங்கள். பீங்கான் கிண்ணங்களை விரலிடுக்கில் இணையாக வைத்துக்கொண்டு, நம் கைத்தாளத்தைப் போல அந்தப் பெண்கள் தட்டியதை என் மனைவி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இசையில் வடக்கு, தெற்கு என இரண்டு பாங்குகள் உண்டு. வடக்குப் பாங்கு மகிழ்ச்சியும் துள்ளலுமாக இருக்கும். தெற்குப் பாங்கு துயரம் தோய்ந்தது. தெற்குப் பாங்கில் பழைய சம்பா நாட்டு இசையின் சாயல் இருப்பதாக இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மீ சன் சிவன் கோயில்களைக் கட்டிய அதே சம்பா நாடுதான். முகாரி கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தெற்குப் பாங்கு புரிவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்த நிகழ்ச்சியில் எங்களுக்குக் கிடைத்தது தேநீரும், எள்ளும் நிலக்கடலையும் சேர்த்துச் செய்த, நம் கடலைமிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஓர் இனிப்பும் மட்டுமே. கரைக்கு வந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது பேச எங்களுக்கு விஷயம் இருந்தது.

ஹுவேயில் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். முடிவில் பயணிகள் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். பார்க்க அழகு, மறுநாள் காலை கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் காகிதத்தைப் பார்க்க அழகில்லை. கூடுதுறையில் பரிகாரக் குளியல் முடித்தவர்கள் விட்டுச்செல்லும் துணிமூட்டைகளை அன்றாடம் பார்க்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் ஆற்றுக்கென்று தனி இசை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முத்தரித்துப் பழனிக்குக் காவடி கட்டிப் போகும் கூட்டத்தையோ, மாரியம்மன் நோன்புக்குத் தீர்த்தக்குடம் எடுக்க அதிகாலையில் ஆற்றுக்கு வரும் ஊராரையோ பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பம்பையும் உடுக்கையும் மேளமும் ஆற்றங்கரையில் தொடங்கி, குடத்தோடு சேர்ந்து ஊருக்குள் நடந்து போகின்றன. ஆற்றில் பிறந்து ஆற்றை விட்டு விலகிச் செல்லும் இசை நம்முடையது. அதை ஒரு மாலைப் பொழுது ஆற்றுக்கே திருப்பி அழைப்பதுதான் இந்தப் படகின் வேலையாக இருக்க வேண்டும்.

எதைப் பாடுவது என்பதிலும் கவனம் வேண்டும். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும் மரபு நமக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி அதை ஒலிநாடாவில் பதிவு செய்த பிறகுதான் வெளியுலகம் அதன் நீளத்தையும் ஆழத்தையும் அறிந்தது. அந்தக் கதையில் அண்ணன்மாரின் பெற்றோரான குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் பட்ட பாடு, நிலம் திருத்தியது, பிள்ளை வரம் வேண்டித் தாமரை தவமிருந்தது போன்ற பகுதிகளைப் படகில் தாராளமாகப் பாடலாம். அண்ணன்மார் மடியும் படுகளத்தைப் பாடக் கூடாது. சாமி இறங்கும் இடம் அது. அதைக் கேட்டு அருள் வந்து விழுபவர்கள் இன்றும் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அதைப் பயணச்சீட்டு வாங்கியவர்களுக்கான காட்சிப்பொருளாக்குவது தகாது. திருமணத்தில் பாடும் மங்கல வாழ்த்தும், தாலாட்டும், தெம்மாங்கும் தடையின்றிப் பொருந்தும். வள்ளி கும்மிக்கு இப்போது ஊர்தோறும் பயிற்சி நடக்கிறது. கோவை மாவட்டத்தின் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தக் கலைக்கே கிடைத்த மரியாதை. ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து அடவு வைக்கும் கும்மியைப் படகின் தளத்தில் ஆடவிடுவது ஆபத்து. பாட்டைப் படகில் பாடட்டும், ஆட்டத்தைக் கரை மணலில் ஆடட்டும்.

ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் நீரை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் நாள்களில், ஒலி கீழ்நோக்கி வளைந்து நீர்ப்பரப்பின்மேல் வெகுதூரம் செல்லும். இரவுப் பணியில் கதவணையின்மேல் நின்றபடி, எதிர்க்கரையில் மீனவர் இருவர் தணிந்த குரலில் பேசிக்கொள்வதை நான் தெளிவாகக் கேட்டதுண்டு. அவர்களுக்கும் எங்கள் அதிகாரியைப் பற்றி நாங்கள் பேசியது கேட்டிருக்கும். ஒலிபெருக்கி பரவலாகாத காலத்து நாடக மேடையில் பாடிப் பெயர் பெற்ற கே.பி. சுந்தராம்பாள் 1908இல் பிறந்தது இதே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில்தான். நாற்பது பேர் அமர்ந்த திறந்த படகில் ஓர் உடுக்கைக்கும் ஒரு குரலுக்கும் மின்சார உதவி எதற்கு?

சாப்பாட்டைப் படகில் வைக்கக் கூடாது என்பதற்கு இசையின் மரியாதை மட்டும் காரணமன்று. சமையல் எரிவாயு உருளை, எண்ணெய்ச் சட்டி, எச்சில் இலை, கழுவிய நீர் ஆகிய அனைத்தும் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். சாயக்கழிவால் இந்த மண்டலம் பட்ட பாடு போதும். பாசனத்துக்காக நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகவே ஆகிப்போனதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் பழைய கதை அல்ல. சுற்றுலாவின் பெயரால் இன்னொரு கழிவைச் சேர்க்க வேண்டாம்.

பாதுகாப்பிலும் இதே கணக்குதான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உணவு மேசை என்பது படகில் இருப்போர் அனைவரையும் ஒரே பக்கத்துக்கு இழுக்கும் ஏற்பாடு. பாட்டுக் கேட்பவர்களோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 உயிர்களைப் பலிகொண்ட படகு, அந்தி சாய்ந்த பிறகும் அளவுக்கு மீறிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சென்றது. எனவே மாலைப் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும், ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டையும் கட்டாயம். சட்டை புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றும் நம் வழக்கத்துக்கு இடம் தரக் கூடாது.

இடத்தைப் பொறுத்தவரை, கூடுதுறையைவிடப் பூலாம்பட்டியே ஏற்றது என்பது என் கருத்து. கூடுதுறையில் குளிப்போர் கூட்டமும், இரு ஆறுகள் சேருமிடத்துச் சுழலும் உண்டு. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே கதவணை தேக்கிய அகன்ற நீரில் மக்கள் ஏற்கெனவே விசைப்படகில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறார்கள். மலையும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அந்த இடத்தைக் குட்டிக் கேரளா என்று அழைப்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். (நம் ஊரின் அழகைச் சொல்ல அடுத்த மாநிலத்தின் பெயரை இரவல் வாங்குவது எனக்கு உவப்பானதன்று என்றாலும் அது நிலைத்துவிட்டது.) மேட்டூரிலிருந்து டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் விடுவது மரபு. மற்ற மாதங்களிலும் கதவணையில் ஓரளவு நீர் நிற்கும். ஆனால் 2018 ஆகஸ்டில் வந்ததைப் போல விநாடிக்கு 2 லட்சம் கன அடி வரும் நாள்களில் ஆற்றில் படகுக்கு வேலையே இல்லை. மின்வாரியமும் நீர்வளத் துறையும் தரும் நீர்த்திறப்புத் தகவல் படகுத்துறைக்கு உடனுக்குடன் வந்து சேரும் ஏற்பாடு இல்லாமல் ஒரு நாளும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

உணவு இல்லாத படகுக்கு யார் பணம் கொடுத்து வருவார்கள் என்று கேட்பார்கள். உணவு உண்டு, படகில் இல்லை, அவ்வளவுதான். ஐந்தரை மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்கினால், கரையில் பவானி ஜமக்காளம் விரித்த பந்தியில் வாழையிலை காத்திருக்கும். சந்தகையும் தேங்காய்ப்பாலும், அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறும், கொள்ளு ரசமும், ஒப்பிட்டும், அசைவம் உண்போருக்குப் பள்ளிபாளையம் சிக்கனும் போதும். பாங்காக் படகின் ஐம்பது வகையில் எனக்கு இன்று நினைவிருப்பது இரண்டு.

படகு விடுவோர் கலைஞர்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் ஊதியம் எவ்வளவு என்பதோடு இன்னொரு வரியும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், விடியற்காலையிலிருந்து வாசித்த மேளகாரர்கள் கடைசிப் பந்தி வரை மண்டபத்துக்குப் பின்னால் காத்திருப்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். படகிலிருந்து இறங்கியதும் போடும் முதல் பந்தியில், கேட்டவர்களோடு பாடியவர்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.