25 மீட்டர் லயோபிளூரோடான்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாடி ஒழுகல், கொத்தனார், சிமெண்ட் என்று பத்து நாள் ஓடிப்போனதால் உடனே எழுத முடியவில்லை. முட்டிவலி தேவலையா? மூன்றாவது மாடியில் வகுப்பு எடுப்பதை முதலில் மாற்றச் சொல்.

எட்டாம் வகுப்புக்கு டைனோசர் தொடர் போட்டுக் காட்டலாமா, இல்லை எல்லாம் வெறும் கதையா என்று கேட்டிருந்தாய். ஹாஸ்டலில் சிடி போட்டுப் பார்த்தோமே, பிபிசியின் 'வாக்கிங் வித் டைனோசார்ஸ்', 1999-இல் வந்தது, அதை நேற்று மறுபடி பார்த்தேன். கரையில் நிற்கும் டைனோசரைக் கடலிலிருந்து பாய்ந்து லயோபிளூரோடான் என்ற ராட்சதக் கடல் ஊர்வன கவ்வுமே, நீகூட டீயைப் பாயில் கொட்டினாய். 25 மீட்டர் நீளம், 150 டன் எடை என்று சொல்லியிருந்தார்கள். அசல் விலங்கு ஏழெட்டு மீட்டரைத் தாண்டாது. அந்த 25 மீட்டர் அரைகுறை எலும்பை வைத்துப் போட்ட கணக்கு. நம் அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கதைதான். எலும்பு உதிர்ந்தே போய்விட்டது, அளவு மட்டும் ஆளுக்கொரு விதமாக வளர்கிறது.

ஆனால் அதே ஆட்கள் புல் விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் இன்றுபோலப் புல்வெளி கிடையாது. அதனால் தரையில் புல் தெரியாத இடமாகத் தேடி சிலி, நியூசிலாந்து, நியூ கலிடோனியா என்று அலைந்து படமெடுத்தார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, முதல் பாகத்திலேயே போஸ்டோசூக்கஸை நாய் மாதிரி ஒன்றுக்கு அடிக்க வைத்துவிட்டார்கள். அது முதலை வம்சம். முதலைக்கு மூத்திரப்பையே கிடையாது. புல்லைப் பார்த்தவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

2022-இல் ஆப்பிள் டிவியில் வந்த 'பிரிஹிஸ்டாரிக் பிளானட்' பார்த்தாயா? பின்னணியில் விளக்கிச் சொல்வது டேவிட் அட்டன்பரோ குரல். கார்னோடாரஸ் என்றொரு கொம்பு வைத்த டைனோசர். ஆண் ஒன்று காட்டுக்குள் சுள்ளியெல்லாம் பொறுக்கி இடத்தைச் சுத்தம் செய்கிறது. அப்புறம் பெண் முன்னால் நின்று, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தக் குட்டிக் கைகளை விரித்து ஆட்டுகிறது. கையின் உள்பக்கம் பளிச்சென்று நீலம். என் பேத்தி எழுந்து நின்று அதே மாதிரி ஆடிக் காட்டினாள். அர்ஜென்டினாவில் கிடைத்த ஒரே ஓர் எலும்புக்கூட்டிலிருந்து இத்தனையும். ஆட்டமும் நீலமும் கற்பனை. ஆனால் தோள் மூட்டு நன்றாகச் சுழலக்கூடியது என்பது எலும்பிலேயே இருக்கிறது. இடத்தைப் பெருக்கி வைத்து ஆடிக் காட்டும் பறவைகள் இன்றும் உண்டு, பறவைகளும் டைனோசர் வம்சம்தானே. இந்த மாதிரிக் கற்பனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் சண்டையெல்லாம் அந்தக் குரலோடுதான். எலும்பில் இருப்பதையும் இவர்களாக யோசித்ததையும் ஒரே தொனியில், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொன்னால் பார்க்கிறவன் எதைப் பிரிப்பான்? இந்த ஆப்பிள் தொடரில் ஆதாரத்தைத் தனிச் சிறு பகுதிகளாக வைத்திருக்கிறார்கள், அது பிடித்தது. 2025-இல் பிபிசி 'வாக்கிங் வித் டைனோசார்ஸ்' தொடரைத் திரும்ப எடுத்ததில் கதை நடுவிலேயே தோண்டுகிற இடத்தைக் காட்டுகிறார்கள். நேர்மைதான். ஆனால் மிருகம் பாயப்போகும் நேரத்தில் தூரிகையோடு ஆள் வந்து உட்கார்ந்தால், நான் காப்பி போட எழுந்து போய்விடுகிறேன்.

அதனால் நீ தாராளமாகப் போட்டுக் காட்டு. காட்சி முடிந்ததும் நிறுத்தி, இதில் எது எலும்பிலிருந்து வந்தது, எது இவர்கள் சேர்த்தது என்று பிள்ளைகளையே கேள். கார்னோடாரஸ் அதற்குத் தோது. லயோபிளூரோடானை மட்டும் நடுவில் நிறுத்திவிடாதே. முதலில் நன்றாகப் பயப்படட்டும், மீட்டர் கணக்கை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பென் டிரைவ் தபாலில் வருகிறது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? மாடி அதற்குள் காய்ந்திருக்கும்.

உன்,
ரவி