க்ளூஜ் பல்கலைக்கழகம்: பலகை மாறியது மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்மொழிப் பல்கலைக்கழகங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ருமேனியாவின் க்ளூஜ் பல்கலைக்கழகம் 1919இல் அரசாணையால் ருமேனிய மொழிக்கு மாறியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆண்டு சரிதான். ஆனால் அரசாணையா வகுப்பெடுக்கும்? வகுப்பெடுக்க ஆட்களை எங்கிருந்து பிடித்தார்கள் என்பதை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

முதலில் ஒரு தெளிவு. ருமேனிய மொழியின் முதல் பல்கலைக்கழகம் க்ளூஜ் அல்ல. யாஷ் நகரில் 1860இலும் புக்கரெஸ்டில் 1864இலும் தொடங்கிவிட்டன. ஆனால் அவை கார்பாத்திய மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம், டிரான்சில்வேனியாவில், 1872இல் ஹங்கேரிய அரசு க்ளூஜில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழி ஹங்கேரியம். அங்கே ருமேனியத்துக்குக் கிடைத்தது மொழி, இலக்கியத்துக்கான ஒரு பேராசிரியர் இருக்கை.

1918 டிசம்பர் 1 அன்று டிரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணைவதாக அறிவிக்கப்பட்டது. 1919 மே 12 அன்று டிரான்சில்வேனியாவின் இடைக்கால ஆட்சிக்குழுவின் சார்பில் கல்வியாளர் ஒனிசிஃபோர் கிபு பல்கலைக்கழகத்தைப் பொறுப்பேற்றார். புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி கேட்கப்பட்டது. ஹங்கேரியப் பேராசிரியர்கள் மறுத்தார்கள். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது. சமாதான ஒப்பந்தம் அப்போது கையெழுத்தாகவில்லை. டிரியனான் ஒப்பந்தம் வந்ததே 1920 ஜூன் 4 அன்றுதான். அதற்கு முன் உறுதிமொழி கேட்பது செல்லாது என்பது அவர்கள் வாதம். அவர்களின் பல்கலைக்கழகம் புடாபெஸ்டுக்குப் போய், 1921இல் ஹங்கேரியின் செகெட் நகரில் குடியேறியது.

க்ளூஜில் மிஞ்சியவை கட்டடங்களும் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும். ஆட்களைச் சேர்க்கும் வேலை மொழியியலாளர் செக்ஸ்டில் புஷ்காரியுவிடம் வந்தது. அன்று ஆஸ்திரியாவின் கீழிருந்த செர்னவுட்சியில், ஜெர்மன் மொழியில் நடந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இங்கே முதல் துணைவேந்தர் அவரே. பழைய ருமேனியாவிலிருந்து சிலர், செர்னவுட்சியிலிருந்து சிலர், டிரான்சில்வேனியாவிலேயே இருந்தவர்கள் சிலர், பற்றாத இடத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள். சட்டம், மருத்துவம், அறிவியல், தத்துவமும் இலக்கியமும் என நான்கு புலங்கள். 1919 நவம்பர் 3 அன்று வரலாற்றறிஞர் வசிலே பர்வானின் உரையோடு வகுப்புகள் தொடங்கின. அரசரும் அரசியும் வந்த ஆடம்பரத் திறப்பு விழா அடுத்த பிப்ரவரியில்தான்.

மருத்துவத்தில் யூலியு ஹட்சியெகானுவைப் பாருங்கள். அதே க்ளூஜில், அதே பல்கலைக்கழகத்தில், ஹங்கேரிய மொழியில் மருத்துவம் படித்தவர். 1919 நவம்பரில் அங்கேயே ருமேனியத்தில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். பாடம் தெரிந்த ஆள்தான். படித்த மொழி ஒன்று, நடத்த வேண்டிய மொழி வேறு. மருத்துவ வரலாற்றுக்குப் பிரான்ஸிலிருந்து ஜூல் கியார் வந்தார்.

உயிரியலாளர் எமில் ராக்கோவிட்சா வேறு ரகம். பெல்ஜிகா கப்பலில் அண்டார்க்டிகா போய்வந்தவர்; குகைக்குள் வாழும் கண்ணில்லாத உயிரினங்களை ஆராய்ந்தவர்; பிரான்ஸில் நல்ல பதவியில் இருந்தார். அழைப்பு வந்ததும் அவர் வைத்த நிபந்தனை: தனக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும். 1920 ஏப்ரலில் அதற்கென்றே சட்டம் வந்தது. குகையியலுக்கான உலகின் முதல் நிறுவனம் அது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ரெனே ஜானெலையும் அவர் கையோடு அழைத்துவந்தார். பெரிய ஆள் வேண்டுமென்றால் சம்பளத்தை மட்டும் பேசினால் போதாது என்பது புஷ்காரியுவுக்குத் தெரிந்திருந்தது.

புஷ்காரியு தன் துறைக்கு அமைத்தது ருமேனிய மொழி அருங்காட்சியகம். பெயரைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டிகளைக் கற்பனை செய்ய வேண்டாம். அது அகராதிக்கும் வட்டார வழக்குக்குமான பணிக்கூடம். 1922இல் குதிரையைப் பற்றி ஒரு வினாப்பட்டியல் அனுப்பினார்கள்; 1926இல் வீட்டைப் பற்றி இன்னொன்று. தபாலில் சொற்கள் வந்து சேரும், உச்சரிப்பு சேராது. எழுதுகிறவர் பள்ளியில் படித்த எழுத்துக்கூட்டில் அல்லவா எழுதுவார்? எனவே எந்த ஊரில் எப்படிப் பேசுகிறார்கள் என்று காட்டும் மொழி நிலப்படத்துக்கு ஆளே நேரில் போனார்கள். செவெர் பாப் 2,160 கேள்விகளோடு 301 ஊர்களுக்கு. எமில் பெட்ரோவிச் 4,800 கேள்விகளோடு 85 ஊர்களுக்கு. ஒருவர் பல ஊர்களில் குறைவாகக் கேட்டார், மற்றவர் சில ஊர்களில் குடைந்து கேட்டார். ஒரே ஆள் அத்தனை ஊருக்கும் போனதற்குக் காரணம் உண்டு: ஊருக்கு ஓர் ஆள் என்று அனுப்பியிருந்தால், இரண்டு ஊர்களுக்கு இடையில் தெரியும் வேறுபாடு பேசியவர் வாயில் இருந்ததா, கேட்டவர் காதில் இருந்ததா என்று பிரிக்கவே முடியாது.

நிலப்படத்தின் முதல் தொகுதி 1938இல் க்ளூஜில் அச்சானது. 1940இல் வடக்கு டிரான்சில்வேனியா ஹங்கேரிக்குப் போனதும், இந்த முறை இடம்பெயர்ந்தது ருமேனியப் பல்கலைக்கழகம்: அறிவியல் புலம் திமிஷோவாராவுக்கு, மற்றவை சிபியுவுக்கு. 1940, 1942ஆம் ஆண்டுத் தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் ஊர்ப் பெயர் சிபியு என்றே இருக்கிறது.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்