பாலாற்றுக் குழுவுக்கு: முதலில் எங்கள் கிணறுகளை அளந்து சொல்லுங்கள்

மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று தந்த தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, கழிவு விட்டவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு சுற்றுச்சூழல் தணிக்கை நடத்த வேண்டும், வேலூர் மாவட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி சொல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். அந்தக் குழுவுக்குத்தான் இந்த மடல். ஆம்பூர்ப் பக்கம் ஆற்றோரத்தில் கொஞ்சம் தென்னை வைத்திருப்பவன் நான். வழக்கில் கட்சிக்காரன் அல்ல.

இது 1991-ல் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேலூர் என்றால் கோட்டைக்கு முன்னால் இந்த வழக்குதான் ஞாபகம் வரும். நாடு முழுக்க எத்தனையோ ஆறுகளுக்காக இதை மேற்கோள் காட்டி வாதாடியிருக்கிறார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துப் பருப்பு வேகவைக்க முடியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது. சமையலுக்குக் கேன் தண்ணீர்தான்.

இழப்பீட்டுக் கணக்கை ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டுகிறேன். 1996 தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் முடிவு சொன்னது: 15,164 ஹெக்டேர், 29,193 பேர், ஏறக்குறைய ₹26.82 கோடி. தலைக்குச் சராசரி ₹9,200-க்கும் கீழே. ஏக்கருக்குப் பார்த்தால் ₹7,200 கூட வராது. கிணறு போன குடும்பத்துக்கு ஒரு புதிய ஆழ்துளைக் கிணறு போடக்கூட அது காணாது. அதே 1996 தீர்ப்பில், தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுக்கவோ பாழானதாக ஒரு மதிப்பீடும் இருக்கிறது. இரண்டும் ஒரே எல்லைக்குப் போட்ட கணக்கு இல்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அப்படியானால் எல்லை எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஹெக்டேர் கணக்கில் குத்தகைக்கு உழுதவரும், களை எடுக்கப் போன பெண்களும் எங்கே வருகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஆனால் இந்த மடலின் முக்கியமான விஷயம் பணம் அல்ல, உப்பு. தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியம் என்ற உலோகம் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்படவும் வேண்டும். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய ரசாயன ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் என்கிறார்கள், அது இன்னும் தலைவலிதான். வயலையும் கிணற்றையும் மெதுவாகக் கொல்வது என்னவோ சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். தோல் கம்பெனியில் முதல் வேலையே அந்தத் தோலை ஊறப்போட்டு உப்பைக் கழுவுவது. குரோமியத்தை வேதிமுறையில் பிரித்துத் திரும்ப எடுக்கலாம், நாற்றத்துக்கும் சாயத்துக்கும் வழி உண்டு. தண்ணீரில் கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்பில் அசையாது. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் ஆகிற செலவு கொஞ்சநஞ்சமல்ல. அத்தனையும் செய்து முடித்தால் கையில் நிற்பது யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டைகள். அதைப் போட இடமில்லை. கழிவே வெளியே போகாத முறை என்று காகிதத்தில் இருந்தாலும், அந்த மூட்டைகள் எங்கே இருக்கின்றன, மழையில் கரைகின்றனவா என்று உங்கள் தணிக்கை முதலில் எண்ணிப் பார்க்கட்டும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேங்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் செத்தார்கள். தேக்கிவைத்ததைக் கணக்கில் எடுக்காத கண்காணிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் நிலத்தில் நெல் போய்த் தென்னை வந்ததற்கும் இந்த உப்புதான் காரணம். தென்னை கொஞ்சம் தாங்கும். தாங்குகிறதே தவிர, காய் சிறுத்துவிட்டது. கோடையில் வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும், கசப்பும் சேர்ந்து வரும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது கிணறுகளில் சில மாதம் நல்ல தண்ணீர் வந்தது. வெள்ளம் வடிந்து, ஊற்று கீழே இறங்க இறங்க, பழைய ருசி திரும்பிவிட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை மாதாமாதம் யாராவது குறித்து வைத்திருந்தால், மண்ணில் இன்னும் எவ்வளவு உப்பு தங்கியிருக்கிறது, புதிதாக எவ்வளவு சேர்கிறது என்று இன்று பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது அந்தக் குறிப்பைத்தான். ஆறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நாளைக்கு ஒருவர் அறிக்கை எழுதினால், அதை எதை வைத்து ஒப்புக்கொள்வது, எதை வைத்து மறுப்பது? இன்றைய அளவு ஊரறியப் பதிவாக வேண்டும். சர்வே எண் வாரியாக, கிணறு வாரியாக, கரைந்த உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணறு அதில் எங்கே நிற்கிறது என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களே சரிபார்த்துவிடுவார்கள்.

அளக்கிற நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து எடுக்கிற மாதிரியில் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். நல்ல மழை கொட்டும் இரவுகளில்தான் ஆற்றில் நுரை பொங்குகிறது என்பது கரையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நாங்கள் ஓடிப்போய் பாட்டிலில் பிடித்தால் அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்தால்தான் அது சாட்சியம். அந்த நடைமுறை முடிவதற்குள் ஆறு ஓடிவிடும். இரவில் ஊர்க்காரர் கூப்பிட்டால் சில மணி நேரத்தில் வந்து மாதிரி எடுக்கும் பொறுப்புள்ள ஓர் அலுவலரை, தொலைபேசி எண்ணோடு, ஒவ்வொரு வட்டத்துக்கும் நியமிக்கச் சொல்லி உங்கள் அறிக்கையில் எழுத வேண்டும்.

அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஆலைக்கு எந்த நிபந்தனையோடு இசைவாணை, அதாவது கழிவு விட வாரியம் தரும் அனுமதி, கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டை, பாதிக்கப்பட்ட எவரும் பார்க்கலாம். 1974 முதல் எங்களுக்கு இந்த உரிமை இருப்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. அந்தப் பதிவேட்டின் தமிழ்ப் படி ஒன்று ஊராட்சிக்கு வந்தால் பாதிக் கண்காணிப்பை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

தண்டனை பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் போட்ட அபராதம் ₹10,000. 2024-ல் நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்தைத் திருத்தி, பல குற்றங்களுக்குச் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் வைத்தது. குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? ₹10,000. மாநிலங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு இதை ஏற்கலாம். பாலாறு ஓடும் மாநிலம் இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று உங்கள் குழு வெளிப்படையாகக் கருத்துச் சொல்லலாமே.

தோல் கம்பெனிகளை மூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களே ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். ஆற்றைக் கெடுத்தது தோல் மட்டும்தானா என்று முதலாளிகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வாணியம்பாடியும் ஆம்பூரும் தங்கள் சாக்கடையை எங்கே விடுகின்றன என்று பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். நகராட்சிக்கு ஒரு சட்டம், ஆலைக்கு ஒரு சட்டம் இல்லையே. மணலை அள்ளி ஆற்றின் வயிற்றைக் காலி செய்தவர்களும் தணிக்கையில் வரட்டும். மணல் இருந்தால்தான் வெள்ளம் மண்ணில் இறங்கி உப்பைத் தள்ளும். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த ஆலைகள் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டு அரசாணை எண் 213 இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு சின்னச் சங்கடம். வழக்குப் போட்டபோது ஒரே மாவட்டம், 2019-லிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. வேலூரில் மனு கொடுத்தால் திருப்பத்தூர் என்பார்கள், திருப்பத்தூரில் கொடுத்தால் பழைய கோப்பு வேலூரில் என்பார்கள். மூன்று ஆட்சியரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, மனு வாங்க ஒரே இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

விசாரணையை ஊரில் நடத்துங்கள். மாதிரி எடுப்பதை மே, ஜூனில் ஒருமுறை, தண்ணீர் கிணற்றின் அடியில் கிடக்கும்போது, ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து இன்னொருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும், மோட்டார் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி ஒருவன்
ஆம்பூர் வட்டம்