மோல்விட்ஸ் பற்றி, சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

இன்று ஏப்ரல் 10. 1741இல் மோல்விட்ஸ் போர் நடந்த நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ்ய ராஜா இரண்டாம் பிரெடரிக் பற்றிய என் தொடரில் மோல்விட்ஸ் அத்தியாயத்தைக் காலையில் வெளியிட்டுவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்ற ஓப்பெல்ன் சம்பவம், ராஜா களத்தை விட்டுப் போன கதை, அதில் இருக்கிறது.

அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்து, ரோமர் என்ற தளபதியின் ஆஸ்திரியக் குதிரைப்படை பிரஷ்யர்களின் வலப்பக்கத்தைச் சிதறடித்த இடம் வரை விரலை ஓட்டிக் காட்டினீர்கள். பிரஷ்யத் தளபதி ஷ்வெரின் "கிளம்புங்கள்" என்றதும் ராஜா போனானே, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். விரல் நின்றுவிட்டது. "ராஜா ஓடினதைத்தான் பிடிச்சுக்கிட்டியா?" என்றீர்கள். அதற்கு மேல் பேசியதை இங்கே எழுதவில்லை. சித்தியும் பிள்ளைகளும் படிப்பார்கள்.

அவனைக் கேவலப்படுத்த நான் எழுதவில்லை. 29 வயது, முதல் பெரிய போர். இருட்டில் ஓப்பெல்ன் நகர வாசலுக்குப் போனால் உள்ளே இருந்தது ஆஸ்திரிய ஹுஸார்கள், இலகு குதிரை வீரர்கள். சுட்டார்கள். தப்பித்து லோவென் என்ற ஊருக்கு வந்த பிறகுதான் தன் படை ஜெயித்த சேதியே தெரிந்தது. 18 வயதில் நண்பன் காட்டே தலைவெட்டப்பட்டபோது பார்க்கச் சொல்லி அப்பனால் நிறுத்தப்பட்டவன் அவன். அந்த அப்பன் பழக்கிவிட்டுப் போன காலாட்படைதான், துப்பாக்கிக் குழலில் இரும்புக் கோலால் வெடிமருந்தை இடித்து இடித்துச் சுட்டு, அன்று அவன் மானத்தைக் காத்தது. இதை விட்டுவிட்டு அவன் கதையை எப்படிச் சொல்வது? மோல்விட்ஸ் தனக்குப் பள்ளிக்கூடம் என்று அவனே எழுதியிருக்கிறான். அவனே மறைக்காத பாடத்தை நாம் ஏன் மூடி வைக்க வேண்டும்?

உங்கள் மனம் நொந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஐரோப்பாவை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். உங்கள் அலமாரி இல்லையென்றால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் "நேத்து முளைச்ச பையன்" என்றீர்களே, அது இன்னும் ஆறவில்லை. மூத்தவர் சொன்னார் என்பதற்காகப் பக்கத்தைக் கிழிக்க என்னால் முடியாது. 1757இல் பிராக் போரில் ரெஜிமென்ட் கொடியைக் கையில் பிடித்தபடி செத்த ஷ்வெரின் மீது எனக்கும் உங்களளவு மரியாதை உண்டு. அதனால் அன்று ராஜா அங்கே நின்றான் என்று ஆகிவிடாது.

அடுத்த அத்தியாயம் ஷோட்டுசிட்ஸ், 1742 மே. அங்கே அவன் களத்தை விட்டுப் போகவில்லை. உங்கள் பொஹீமியா வரைபடம் எனக்கு வேண்டும். தருவீர்களா மாட்டீர்களா என்று சித்தியிடமாவது சொல்லி அனுப்புங்கள்.