ராஸ்கோ ஆர்பக்கிளின் கதையை அந்த ஹோட்டல் அறையில் தொடங்காதீர்கள்

தமிழில் உலக சினிமா பற்றி எழுதும், யூடியூபில் பேசும், ஃபிலிம் சொசைட்டிகளில் படம் போட்டுக் காட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

மௌனப்படக் காலத்து நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி நீங்கள் பேசுவதை விடாமல் கேட்டு வருகிறேன். சாப்ளினைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறீர்கள். பஸ்டர் கீட்டனைப் பற்றியும் இப்போது நல்ல கட்டுரைகள் வருகின்றன. ஆனால் ராஸ்கோ ஆர்பக்கிளின் பெயர் வந்துவிட்டால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. ஹாலிவுட்டின் இருண்ட பக்கம், ஹோட்டல் அறை, மது விருந்து, இறந்துபோன பெண், அப்புறம் அவர் அந்தப் பெண்ணைப் பாட்டிலால் சிதைத்தார் என்ற அந்த பாட்டில் கதை. நீதிமன்றம் என்ன சொன்னது என்பது கடைசியில் ஒரு வரி. சிலர் அந்த ஒரு வரியையும் விட்டுவிடுகிறார்கள். தம்ப்நெயிலில் அவருடைய சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் ரத்தச் சிவப்பில் ‘கொலைகாரக் காமெடியன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆர்பக்கிளைப் பற்றிப் பேசினால் அவருடைய படங்களிலிருந்து பேசத் தொடங்குங்கள். வழக்கைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் முழுதாகப் பேசுங்கள்.

அவர் பிறந்தது 1887-இல், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஸ்மித் சென்டர் என்ற சின்ன ஊரில். குடும்பம் பிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். தந்தையின் ஆதரவும் கிடைக்கவில்லை. நல்ல குரல் இருந்ததால் பாட்டுப் பாடி மேடைக்கு வந்தார், ஊர் ஊராகப் போகும் குழுக்களில் ஆடினார். 1913-இல் மாக் சென்னட்டின் கீஸ்டோன் என்ற நகைச்சுவைப் படக் கம்பெனியில் சேர்ந்தார். சாப்ளின் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே ஆர்பக்கிள் அங்கே பெயர் வாங்கியிருந்தார். 1914-இல் வந்த ‘தி ரவுண்டர்ஸ்’ படத்தில் இரண்டு பேரும் குடிகாரர்களாக ஒன்றாக நடித்திருக்கிறார்கள். அதே ஆண்டில் தன் படங்களைத் தானே இயக்கவும் தொடங்கிவிட்டார்.

இந்த ‘தானே இயக்கினார்’ என்ற விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நம்மில் பலர் அவரைக் குண்டாக இருந்து விழுந்து எழுந்து சிரிக்க வைத்தவராக மட்டுமே நினைத்திருக்கிறோம். 1916-இல் வந்த ‘ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்’ படத்தைப் பாருங்கள். புதுமணத் தம்பதியாக அவரும் மேபல் நார்மண்டும். மேபல் படுக்கையில் தூங்குகிறார். ஆர்பக்கிளின் நிழல் மட்டும் சுவரில் மெல்ல நகர்ந்து வந்து, குனிந்து, அவருக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறது. கேலிக்கூத்துப் படங்களுக்கு நடுவே, வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து இவ்வளவு மென்மையாக ஒரு காதல் காட்சியை யோசித்திருக்கிறார். இதே படத்தில் அந்த வீடு அப்படியே கடலுக்குள் மிதந்து போகிறது, லூக் என்ற நாய் ஓடிப்போய் உதவிக்கு ஆள் கூட்டி வருகிறது. லூக் அவருடைய வீட்டு நாய்தான். பல படங்களில் அவரோடு நடித்தது.

1917-இல் நியூயார்க்கில் தனக்கென்று கமீக் என்ற படப்பிரிவு கிடைத்ததும் அவர் செய்த முதல் பெரிய காரியம், நாடக மேடையிலிருந்து வந்திருந்த 21 வயது இளைஞர் ஒருவரைக் கேமரா முன்னால் நிறுத்தியது. அவர்தான் பஸ்டர் கீட்டன். படம் ‘தி புட்சர் பாய்’. கீட்டனுக்குச் சினிமாவின் அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்தவர் ஆர்பக்கிள்தான் என்பதைக் கீட்டனே வாழ்நாள் முழுக்க மறைக்காமல் சொல்லி வந்தார். 1917-க்கும் 1920-க்கும் நடுவில் இருவரும் சேர்ந்து 14 குறும்படங்கள் செய்தார்கள். ஆர்பக்கிள் முழுநீளப் படங்களுக்குப் போனபோது, தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அந்தப் படப்பிரிவைக் கீட்டனிடம் ஒப்படைத்தார். நாம் கொண்டாடும் கீட்டன் படங்களின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. கீட்டனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள் இந்த மனிதருக்குப் பத்து நிமிஷமாவது ஒதுக்க வேண்டாமா?

அந்தக் குறும்படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘கோனி ஐலண்ட்’ படத்தில் ஆர்பக்கிள் உடை மாற்றப் போகிறார். நேராகக் கேமராவைப் பார்த்து, ‘கொஞ்சம் மேலே பாருப்பா’ என்று கையால் சைகை காட்டுகிறார். கேமராவும் பணிவாக மேலே தூக்கிக்கொள்கிறது. இது 1917. கேமராவும் ஒரு பாத்திரம்தான், அதோடும் விளையாடலாம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இதில் இன்னொரு விசேஷமும் உண்டு, எப்போதும் இறுகிய முகத்தோடு பார்த்துப் பழகிய கீட்டன் இந்தப் படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார், அழவும் செய்கிறார்.

‘தி குக்’ 1918-இல் வந்தது. ஆர்பக்கிள் சமையல்காரர், கீட்டன் சர்வர். அடுப்படியிலிருந்து ஆர்பக்கிள் திரும்பிப் பார்க்காமலேயே பண்டங்களை வீசுவார், கீட்டன் ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடிப்பார். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லை. உண்மையிலேயே வீசிப் பிடித்தது. பிறகு அடுப்படிப் பாத்திரங்களையே ஆபரணமாக மாட்டிக்கொண்டு ஆர்பக்கிள் ஒரு நடனம் ஆடுவார் பாருங்கள். 100 கிலோவைத் தாண்டிய அந்த உடம்பு பஞ்சு மாதிரி மிதக்கும். இந்தப் படம் அழிந்தே போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1998-இல் நார்வேயின் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் அந்த நடனத்தை நம்மில் ஒருவரும் பார்த்திருக்க முடியாது.

இன்னொரு தகவலையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ரொட்டித் துண்டுகளை முள்கரண்டிகளில் குத்தி, கால்கள் ஆடுவதுபோல மேஜைமேல் ஆட்டிக் காட்டும் வேடிக்கையைச் சாப்ளின் 1925-இல் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் செய்தார். உலகமே கொண்டாடிய காட்சி அது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1917-இன் ‘தி ரஃப் ஹவுஸ்’ படத்தில் ஆர்பக்கிள் அதைச் செய்துவிட்டார். சாப்ளின் அதை விரித்து, கனவாக்கி, ஒரு ஏக்கத்தைச் சேர்த்தார் என்பது உண்மை. அதனால் முதலில் செய்தவரை மறந்துவிடலாம் என்று ஆகாது.

சரி, இனி அந்த வழக்கு.

1921 செப்டம்பர் 5, சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல். ஆர்பக்கிளும் நண்பர்களும் எடுத்திருந்த அறைகளில் விருந்து. மதுவிலக்கு அமலில் இருந்த காலம், ஆனாலும் மது இருந்தது. விருந்துக்கு வந்திருந்த வர்ஜீனியா ராப்பே என்ற நடிகைக்குக் கடுமையான வயிற்று வலி. குடித்ததால் வந்தது என்று முதலில் நினைத்துவிட்டார்கள். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. செப்டம்பர் 9 அன்று அவர் இறந்தார். சிறுநீர்ப்பை கிழிந்து, அதிலிருந்து வயிற்றுக்குள் பரவிய தொற்றுதான் காரணம்.

ஆர்பக்கிள்தான் காரணம் என்று குற்றம் சாட்டியவர் மாட் டெல்மாண்ட் என்ற பெண். மூன்று விசாரணைகளில் ஒன்றில்கூட அரசுத் தரப்பு அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. முக்கியக் குற்றச்சாட்டைச் சொன்னவரையே நீதிமன்றத்தில் நிறுத்த அரசு வழக்கறிஞர் மேத்யூ பிரேடிக்குத் துணிவில்லை. இதை நீங்கள் யாராவது உங்கள் வீடியோவில் சொல்லியிருக்கிறீர்களா? நான் பார்த்தவரை இல்லை. கொலைக் குற்றச்சாட்டைத் தொடக்க விசாரணையிலேயே நீதிபதி ஏற்கவில்லை. நோக்கமில்லாமல் மரணம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சியது. அதற்குள் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பத்திரிகைகள் தினம் ஒரு பரபரப்புச் செய்தியாக எழுதித் தீர்த்துவிட்டன.

பாட்டில் கதை அந்த வதந்திச் சந்தையில் உருவானது. அதற்கு நீதிமன்றத்தில் எந்த ஆதாரமும் வைக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து வந்த கிசுகிசுப் புத்தகங்கள் அதைத் தூசி தட்டி எடுத்து நிரந்தரமாக்கின. இன்று தமிழில் அதைத் திரும்பச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த எச்சத்தைத்தான் சொல்கிறார்கள்.

முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. 10 பேர் விடுதலைக்கு ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. இரண்டாவது விசாரணையில் ஆர்பக்கிளின் வழக்கறிஞர்கள் அளவுக்கு மீறிய நம்பிக்கையில் அவரைச் சாட்சி சொல்லவே விடவில்லை, இறுதி வாதத்தையும் வைக்கவில்லை. இந்த முறை பெரும்பான்மை அவருக்கு எதிராகப் போனது, அப்போதும் ஒருமனதாக இல்லை. மூன்றாவது விசாரணை 1922 ஏப்ரல் 12-இல் முடிந்தது. ஜூரிகள் எடுத்துக்கொண்டது ஆறு நிமிஷம் போல. அதிலும் பெரும்பகுதி ஒரு மன்னிப்பு அறிக்கையை எழுதவே போயிற்று. ஆர்பக்கிளுக்கு விடுதலை மட்டும் போதாது, அவருக்குப் பெரிய அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது, அவரை இந்தக் குற்றத்தோடு தொடர்புபடுத்தத் துளிகூட ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஜூரிகளே வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறே நாளில், ஏப்ரல் 18 அன்று, தயாரிப்பாளர்கள் சங்கத்தின் தலைவராக அமர்த்தப்பட்டிருந்த வில் ஹேஸ் அவருடைய படங்களுக்குத் தடை விதித்தார். அந்த டிசம்பரிலேயே தடை விலக்கப்பட்டது, ஆனால் பெரிய கம்பெனி எதுவும் அவரைத் திரையில் காட்டத் துணியவில்லை. எடுத்து முடித்திருந்த ‘லீப் இயர்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. அவர் தந்தையின் பெயரான வில்லியம் குட்ரிச் என்பதை வைத்துக்கொண்டு குறும்படங்களை இயக்கிப் பிழைத்தார். 1931-இல் அப்படி ஒரு படத்தில் நடித்த லூயிஸ் புரூக்ஸ், அவர் இயக்குநர் நாற்காலியில் உயிரற்றவரைப் போல உட்கார்ந்திருந்தார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். கீட்டன் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. பிரிந்து வாழ்ந்த மனைவி மின்டா டர்ஃபியும் விசாரணைக் காலம் முழுக்க அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

1932-இல் வார்னர் கம்பெனி அவரைச் சொந்தப் பெயரிலேயே மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது. ஆறு பேசும் குறும்படங்கள். அவை நன்றாகவே ஓடின. முழுநீளப் படத்துக்கான பேச்சும் கூடிவந்த நேரத்தில், 1933 ஜூன் 29 அன்று, நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 46.

இதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்பக்கிளுக்காக வாதாடுகிறேன் என்று கிளம்புகிற சிலர், இறந்துபோன வர்ஜீனியா ராப்பேயின் நடத்தையைக் கிளறத் தொடங்கிவிடுகிறார்கள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. அவரைப் பற்றி அன்று கிளம்பிய அருவருப்பான கதைகளுக்கு இன்றும் ஆதாரம் கிடையாது. வடிவழகியாகவும் ஆடை வடிவமைப்பாளராகவும் தன் காலில் நின்ற பெண் அவர். நோயில் துடித்தபோது சரியான சிகிச்சை கிடைக்காமல் 30 வயது வாக்கில் இறந்துபோனார். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை அசிங்கப்படுத்தத் தேவையில்லை. அவரையும் தம்ப்நெயிலில் வைத்து விற்காதீர்கள். பதினேழு வயதுப் பெண் என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், அது பொய்.

ஏற்கெனவே வீடியோ போட்டவர்கள் அதை நீக்க வேண்டாம். விளக்கப் பகுதியில் மூன்றாவது விசாரணையின் தீர்ப்பையும் ஜூரிகளின் அறிக்கையையும் நான்கு வரியில் சேருங்கள். தலைப்பில் ‘கொலை’ என்று இருந்தால் அதை மாற்றுங்கள். புதிதாக எழுதப் போகிறவர்கள் அவரை ராஸ்கோ என்றோ ஆர்பக்கிள் என்றோ எழுதினால் மகிழ்வேன். ‘ஃபேட்டி’ என்பது திரைக்கான பெயர், வெளியில் அப்படிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது.

ஃபிலிம் சொசைட்டி நண்பர்களுக்கு: இந்தப் படங்களுக்கு உரிமத் தொகை என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவில் இவற்றின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்திலும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள்தான். கீட்டன் படம் ஒன்றைப் போடும் மாலையில் அதற்கு முன்னால் ‘கோனி ஐலண்ட்’ அல்லது ‘தி குக்’ போடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லுங்கள். அறிவிப்புச் சுவரொட்டியில் ‘இயக்கம்: ராஸ்கோ ஆர்பக்கிள்’ என்ற வரி இருக்கட்டும். வழக்கைப் பற்றி யாராவது கேட்டால் படம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மௌனப்படங்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்