வரைபடத்தைத் திறக்கும் முன் உங்கள் மணிக்கணக்கைப் பாருங்கள்

இணையத்தில் கற்பனை தேசங்களைக் கட்டியாளும் கூட்டு விளையாட்டை நடத்துகிற, இனி நடத்தப்போகிற நடத்துநர்களுக்கு வணக்கம். ஆளுக்கு ஒரு நாடு; ஒவ்வொரு சுற்றுக்கும் தன் நாடு என்ன செய்யும் என்று ஆட்டக்காரர் ஆணை எழுதி அனுப்புவார், விளைவு என்ன என்று நடத்துநர் தீர்ப்பு எழுதுவார் என்ற ஆட்டத்தைத்தான் சொல்கிறோம்.

இப்படி ஒரு விளையாட்டு பாதியில் நின்றுபோனால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நிற்கிறது. ஞாயிறு வரவேண்டிய சுற்று முடிவு புதனாகியும் வராது. அடுத்த சுற்று பத்து நாள் தள்ளிப்போகும். அதற்குள் பாதிப் பேர் கலைந்திருப்பார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கொடி, அரசியலமைப்பு, நாணயத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு நாட்டின் ஆணைகளைப் படித்து, செலவைக் கருவூலத்தில் கழித்து, பக்கத்து நாட்டின் ஆணையோடு மோதுகிறதா என்று பார்த்து, விளைவை நாலு வரியில் எழுதக் குறைந்தது 15 நிமிடம் ஆகும். 20 நாடுகள் என்றால் 5 மணி நேரம். போர் நடந்தால் ஒரு போர்முனைக்கு இன்னும் அரை மணி. வரைபடத்தைத் திருத்தி ஏற்ற முக்கால் மணி. இரண்டு போர்முனை உள்ள ஒரு சாதாரண வாரத்துக்கே 6 மணி 45 நிமிடம் வந்துவிடுகிறது. மூன்று நடத்துநர்கள் இருந்தால் இதை மூன்றால் வகுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எல்லா ஆணைகளையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும்; அவருடைய வேலை பகிர்ந்தாலும் குறையாது.

வாரத்தில் உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கும் நேரம் 3 மணி என்றால் விளையாட்டை அந்த 3 மணிக்குள் அடக்குங்கள். 12 நாடுகள், ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு 5 ஆணைகள், மொத்தம் 200 சொல். இந்த அளவுக்குள் நின்றால் ஒரு நாட்டுக்கு 10 நிமிடம் போதும். 2 மணியில் தீர்ப்பு முடிந்து, வரைபடத்துக்கும் நேரம் மிஞ்சும். பதின்மூன்றாவது ஆள் வந்து கேட்டால் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஏற்கெனவே உள்ள நாட்டில் தளபதியாகவோ நிதியமைச்சராகவோ உட்கார வையுங்கள். ஒரே நாட்டை இரண்டு பேர் நடத்தினால் உங்களுக்கு வரும் ஆணைத்தாள் ஒன்றுதான். இருவரில் ஒருவர் ஊருக்குப் போனாலும் ஆட்டம் நிற்காது.

கெடு விஷயத்தில் கறாராக இருங்கள். ‘ஞாயிறு இரவு’ என்று எழுதினால் சென்னைக்கு ஒரு நேரம், டொராண்டோவுக்கு ஒரு நேரம். ‘ஞாயிறு 15:30 யூடிசி’ என்று உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். அது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9 மணி. டொராண்டோவில் கோடையில் காலை 11:30, குளிர்காலத்தில் 10:30. அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. மார்ச்சிலும் நவம்பரிலும் வரும் தகராறுகளில் பாதி இதனால்தான். ஆணைகளை கூகுள் படிவம் வழியாக வாங்கினால் வந்த நேரம் தானே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக வாங்கினால் கடைசியில் யாருடைய ஆணை எங்கே இருக்கிறது என்று தேடவே ஒரு மணி போய்விடும்.

ஆணை அனுப்பாதவரை என்ன செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி பழைய ஆட்டங்களில் இருக்கிறது. 1959-இல் வெளிவந்த டிப்ளமசி என்ற பலகை விளையாட்டை 1963 முதல் தபாலில் ஆடத் தொடங்கினார்கள். கடிதம் கெடுவுக்குள் வராவிட்டால் அந்த நாட்டின் படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும்; ஆட்டம் நகர்ந்துவிடும். உங்கள் விதியும் இவ்வளவு எளிதாக இருக்கட்டும். ஒரு சுற்று தவறினால் படை நிற்கும், போன சுற்றின் வரவுசெலவு அப்படியே தொடரும். இரண்டு சுற்று தவறினால் நாடு இடைக்கால அரசின் கையில். யாரும் படையெடுக்கக் கூடாது. மூன்றாவதும் தவறினால் நாடு புது ஆளுக்குத் திறக்கும். முன்கூட்டியே விடுப்பு சொன்னவருக்கு இந்த எண்ணிக்கை ஓடாது. கற்பனை நாடுகளை நடத்துவதற்கென்றே 2002 முதல் இயங்கிவரும் நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணையதளத்திலும் இந்த ஏற்பாடுதான்: 28 நாள் உள்ளே வராத நாடு மறைந்துவிடும், விடுப்பு போட்டால் 60 நாள் தாங்கும். ஆள் பார்த்துச் சலுகை கொடுக்கத் தொடங்கினால், அடுத்த வாரமே ‘அவருக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வது தீர்ப்பு எழுதுவதைவிடக் கடினம்.

நேஷன்ஸ்டேட்ஸைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அங்கே ஒரு வட்டாரத்தை, அதாவது நாடுகளின் குழுவை, தொடங்கி அதன்மேல் கதையாட்டம் நடத்துகிறவர்கள், தளம் காட்டும் மக்கள்தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண் நாட்டின் வயதோடு தானாக ஏறும். பழைய நாட்டுக்கு நூற்றுக்கணக்கான கோடி மக்கள், நேற்று வந்தவருக்குச் சில பத்து லட்சம். தளத்தில் போருக்கென்று எந்த ஏற்பாடும் கிடையாது. போர் முழுக்க நீங்கள் எழுதும் விதிதான். ஆகவே மக்கள்தொகையையும் நாடுகளின் கணக்கை வைத்திருக்கும் உங்கள் ஷீட்டில் (கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில்) நீங்களே நிர்ணயியுங்கள்.

அடுத்து வரைபடம். புது நடத்துநர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. உலக வரைபடத்தை 3600×1800 பிக்சலில் வைத்தால் ஒரு பிக்சல் பத்தில் ஒரு பாகை. நிலநடுக்கோட்டில் அதன் பக்கம் சுமார் 11 கிலோமீட்டர், பரப்பு சுமார் 123 சதுர கிலோமீட்டர். 60 பாகை வடக்கில் அதே பிக்சலின் பரப்பு பாதிதான். இலங்கை சுமார் 65,600 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் ஏறக்குறைய 540 பிக்சல். ஐஸ்லாந்து சுமார் 1,03,000. வரைபடத்தில் ஏறக்குறைய 1,970 பிக்சல். உண்மையில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் உள்ள நாடு, படத்தில் மூன்றரை மடங்குக்கு மேல் வீங்கித் தெரிகிறது. ‘ஆளுக்கு 1,000 பிக்சல்’ என்று அறிவித்தால் தெற்கே நிலம் எடுத்தவருக்கு உண்மையில் இரண்டு மடங்கு மண் கிடைக்கும்; வடக்கே எடுத்தவர் அதை மூன்றாம் மாதம்தான் கண்டுபிடிப்பார். பிக்சல் எண்ணிக்கையை அந்த அட்சரேகையின் கோசைன் மதிப்பால் பெருக்கிவிட்டால் கணக்கு நேராகும். அது தொல்லை என்றால், நிலத்தை முன்கூட்டியே 120 மாகாணங்களாகப் பிரித்து, ஆளுக்கு 6 என்று கொடுங்கள். 12 நாட்டுக்கு 72 போக, 48 மாகாணம் ஆளில்லாமல் இருக்கும். அந்தக் காலி இடம் இல்லாவிட்டால் முதல் மாதமே எல்லோரும் பக்கத்து வீட்டு மண்ணில்தான் கண் வைப்பார்கள்.

வரைபடக் கோப்பை பிஎன்ஜி வடிவில் மட்டும் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் எல்லைக்கோட்டின் இருபுறமும் மங்கல் நிறங்கள் சிதறும். வரைசெயலியின் வாளிக் கருவியால் நிறம் கொட்டினால் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக மிஞ்சும். நிறத்தை வைத்துப் பிக்சல் எண்ணினால் தொகை தப்பாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான், ஆவணமாக அனுப்புங்கள். வரையும்போது தூரிகையைத் தவிர்த்துப் பென்சில் கருவியை எடுங்கள். தூரிகை ஓரங்களை மழுக்கிவிடும்.

பொருளாதாரத்தை எவ்வளவு எளிமையாக வைக்க முடியுமோ அவ்வளவு எளிமையாக வையுங்கள். மாகாணத்துக்கு இவ்வளவு வரவு, படைக்கு இவ்வளவு பராமரிப்பு, மீதியைக் கட்டடத்துக்கோ கடனுக்கோ ஒதுக்கலாம் என்றால் போதும். கவனிக்கவேண்டியது வளர்ச்சி விகிதம். சுற்றுக்கு 5 சதவீதம் பார்க்கச் சின்னதுதான்; வாரம் ஒரு சுற்று என்று 26 சுற்று போனால் 3.5 மடங்கு ஆகிவிடும். 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 12 மடங்கு. ஆறு மாதம் கழித்து வருகிறவர் எழுந்திருக்கவே முடியாது. வட்டிக்கு வட்டி போல் ஏறவிடாமல், தொழிற்சாலை ஒன்றுக்கு சுற்றுக்கு 2 என்று நிலையான தொகையாகச் சேருங்கள். மாகாணங்கள் பெருகப் பெருக நிர்வாகச் செலவும் ஏறட்டும். புதியவருக்கு, அன்றைக்குப் பட்டியலின் நடுவில் நிற்கும் நாட்டின் வருமானத்தையே தொடக்க வருமானமாகக் கொடுங்கள்.

ஷீட்டை எல்லோரும் பார்க்கலாம், நடத்துநர் மட்டுமே திருத்தலாம் என்று பூட்டுங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் எண்கள் இடம் மாறி, பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கும். ஒருவரின் கருவூலம் இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். பகடை முடிவை 3-4 என்று தட்டினால் ஷீட் அதைத் தேதியாக மாற்றிவிடும். அந்தக் கட்டங்களை முதலிலேயே வெறும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அந்தப் பதிப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தால், தவறு நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

போர்த் தீர்ப்புக்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. 1824-இல் பிரஷ்யப் படை ஏற்ற போர்ப்பயிற்சி விளையாட்டில் நடுவர் ஒருவர் அட்டவணையும் பகடையும் வைத்து முடிவு சொன்னார். அட்டவணை நீண்டுகொண்டே போனால் நடுவரால் தாங்க முடியாது. 1988-இல் கிறிஸ் எங்கிள் உருவாக்கிய மேட்ரிக்ஸ் முறை நம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கு மிகவும் ஏற்றது. செய்யவிருப்பது என்ன, அது நடக்கக் காரணங்கள் என்ன என்று ஆட்டக்காரர் எழுத வேண்டும்; எதிராளி ஏன் நடக்காது என்று எழுத வேண்டும். நடத்துநர் ஏற்கும் காரணம் ஆட்டக்காரருடையது என்றால் பகடைத் தொகையில் ஒன்று கூடும், எதிராளியுடையது என்றால் ஒன்று குறையும். இரண்டு பகடை உருட்டிக் கூட்டுத்தொகை 7 அல்லது மேல் வந்தால் வெற்றி.

ஒரு துறைமுக முற்றுகையை எடுத்துக்கொள்வோம். முற்றுகையிடுகிறவர் எழுதுகிறார்: எனக்கு 8 போர்க்கப்பல், அவருக்கு 3, நீரிணையின் இரு கரையும் என் கையில், என் மக்கள் வீரம் மிக்கவர்கள். முதல் இரண்டையும் ஷீட்டிலும் வரைபடத்திலும் சரிபார்க்கலாம், ஆகவே +2. மூன்றாவது எல்லா நாடும் தன்னைப் பற்றிச் சொல்வதுதான், தள்ளுபடி. எதிராளி எழுதுகிறார்: இது புயல் பருவம் என்று போன சுற்று அறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, -1. மீதி +1. பகடையில் 6 வந்தாலே போதும்; 36-இல் 26 வாய்ப்பு, அதாவது 72 சதவீதம். கூட்டல் கழித்தல் இல்லாமல் என்றால் 58 சதவீதம். இந்தச் சதவீதத்தைப் பகடைக்கு முன்பே எல்லோரும் பார்க்கும் பொது அரட்டைச் சேனலில் போடுங்கள், பகடையையும் அங்கேயே பாட் (தானியங்கி நிரல்) உருட்டட்டும். தோற்றவர் தன் கண்ணால் பார்த்த பகடையை ஏற்றுக்கொள்வார். உங்கள் தனி அறையில் விழுந்த பகடையை ஏற்கமாட்டார், அவர்மேல் தப்பில்லை.

இதே காரணத்தால்தான் நடத்துநர் பெரிய நாடு எடுத்து ஆடக் கூடாது என்கிறோம். எல்லோருடைய ரகசிய ஆணையும் அவர் கையில் இருக்கும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எல்லையில் ஒரு படையை நகர்த்திய அன்று அதை யாரும் நம்பப்போவதில்லை. ஆடியே தீரவேண்டும் என்றால் கண்டத்தின் மறுகோடியில் ஒரு சிறு நாடு, படையெடுப்பு கிடையாது, அந்த நாட்டின் தீர்ப்பை வேறு நடத்துநர் எழுதவேண்டும்.

கதைக் காலம் பற்றி ஒரு வரி: வாரத்துக்கு ஓர் ஆண்டு என்று வைத்தால் இரண்டு அதிபர்கள் மூன்று வாரமாகத் தட்டச்சு செய்யும் உச்சிமாநாடு மூன்று ஆண்டு நடந்ததாகிவிடும், மாதத்துக்கு ஓர் ஆண்டு என்பது பேச்சுக்கும் போருக்கும் ஓரளவு பொருந்துகிறது.

இனி, விதியாக எழுதிவைத்தே ஆகவேண்டிய ஒன்று. ஆடுகிறவர்களில் உண்மையான போரைக் கண்டவர்கள், வீட்டில் ஆளை இழந்தவர்கள் இருக்கக்கூடும். ஊரைக் காலி செய்வது, முகாம், கூட்டுக்கொலை போன்றவற்றைக் காட்சியாக எழுத அனுமதிக்காதீர்கள். ஆணையாகவும் ஏற்காதீர்கள். யாராவது ‘இதை நிறுத்துங்கள்’ என்று தனிச்செய்தி அனுப்பினால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை நிறுத்துங்கள். இன்றைய நாடுகளின் கொடியையும் தலைவர்களையும் அப்படியே கொண்டுவர வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வெளியே உள்ள சண்டை அப்படியே உள்ளே வந்துவிடும்.

கடைசியாக, முதல் நாளே செய்யவேண்டிய ஒரு வேலை. குழு கூடிப் பேசும் அரட்டை சர்வரின் உரிமை, ஷீட்டின் உரிமை, வரைபடத்தின் மூலக்கோப்பு மூன்றும் ஒரே ஆளின் கணக்கில் இருக்கக் கூடாது. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒரு சர்வருக்கு உரிமையாளர் ஒருவர்தான் இருக்க முடியும். ஆகவே ஷீட்டை இன்னொருவர் பெயரில் வையுங்கள், வரைபடத்தின் நகலை ஒவ்வொரு சுற்றுக்கும் பொதுச் சேனலில் போடுங்கள். தேர்வோ, வேலை மாற்றமோ, பிள்ளைப்பேறோ வந்து நீங்கள் விலகும்போது, அடுத்தவர் போன ஞாயிற்றுக்கிழமை எங்கே நின்றதோ அங்கிருந்தே தொடங்க முடியும்.

அன்புடன்,
ஆணைத்தாள்களோடு ஞாயிறுகளைக் கழிக்கும் சக நடத்துநர்கள்