'ஊசி போட்டுடுவாங்க' என்று மிரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளைப் பெங்களூரு அல்சூரில் என் வீட்டில் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். "சின்னப் பிள்ளைதானே, அடிபட்டது மறந்துடும்" என்று பெரியவர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. தடுப்பூசி போடும் விதத்தைப் பற்றி எழுதத் தோன்றியதும் அதனால்தான்.

இரும்பு கேட்டில் விரல் நசுங்கிய ஒன்றரை வயதுப் பையன், நகத்தின் கறுப்பு மறைந்த பிறகும் கேட் அருகே வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். அவனுக்கு அப்போது பேச்சே வரவில்லை. இட்லிப் பானை ஆவி லேசாகக் கையில் பட்ட இன்னொரு குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. யார் வந்தாலும் இழுத்துப்போய்ப் பானையைக் காட்டி, "சூடு... ஆச்சி தண்ணி ஊத்துச்சு" என்பாள். குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்திருந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது!

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த சிறு குழந்தைகளிடம் காரல் பீட்டர்சன் என்ற உளவியலாளர் மாதங்கள் கழித்துப் பேசிப் பார்த்திருக்கிறார். இரண்டு வயதைத் தாண்டியவர்கள் நடந்ததை விவரமாகவே சொன்னார்கள்.

கீழே விழுந்த குழந்தை முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கும். நாம் அலறினால் அதுவும் அலறும். 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளம்போல் தெரியும் கண்ணாடித் தளத்தில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். சிரித்த முகத்தோடு தாய் நின்றபோது பெரும்பாலானவை கடந்து வந்தன; பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. அதற்காக "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மூடி மறைக்கவும் வேண்டாம். வலிக்கிறதே! "கதவுல விரல் மாட்டிக்கிச்சு, வலிக்குதா கண்ணு, வா" என்று நடந்ததைச் சொல்லித் தூக்கிக்கொண்டால் போதும். தரையை அடித்துக் காட்டுவதும் எனக்குப் பிடிப்பதில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் தடுப்பூசி. 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) பூஸ்டரும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசியும் போட வேண்டும். அதே வயதில்தான் சாப்பிடாவிட்டால், தூங்காவிட்டால் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று வீட்டில் மிரட்டுகிறோம். பிறகு கிளினிக் வாசலில் "ஊசியே கிடையாது" என்று பொய். உள்ளே போனதும் படுக்கவைத்து இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் போய் வந்த ஒரு குழந்தை, வெள்ளைச் சட்டை போட்ட எவரைக் கண்டாலும் என் புடவைக்குள் புகுந்துகொள்கிறாள்.

உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: ஊசி போடும்போது குழந்தையைப் பெற்றவர் அணைத்துப் பிடித்திருக்கலாம், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடலாம். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. நம் ஊர் கிளினிக்குகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாயின் மடியில் வைத்தே ஊசி போட வேண்டும். மறுத்தால், பெற்றோர் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு